பர்மா வானில் அரிசி சுமந்த படையணி

இரண்டாம் உலக மகாயுத்தத்தின் வான்போர் பற்றி எழுதப்பட்ட நூல்களில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்பவர்கள் சண்டை விமானிகளும் குண்டுவீச்சு விமானிகளுமே ஆவர். அரிசி மூட்டையையும் பருப்பையும் பெற்றோலையும் காயம்பட்ட சிப்பாய்களையும் சுமந்து திரிந்தவர்களுக்கு அவற்றில் கிடைப்பது ஓரிரு பக்கங்கள் மாத்திரமே. எனினும் 1942 முதல் 1945 வரை பர்மாவில் நிகழ்ந்த யுத்தத்தின் போக்கைத் தீர்மானித்தவர்கள் இவர்கள்தான் என்றால் அது மிகையன்று. இவர்களுள் முதலிடம் பெறத்தக்கது பிரித்தானிய விமானப்படையின் 31 ஆவது படையணியாகும்.

இப்படையணியின் வரலாறு எமது வாசகர்களுக்குத் தூரத்து விடயம்போலத் தோன்றலாம். ஆனால் பர்மா என்பது அன்று இலங்கையின் சோற்றுப்பானையாக இருந்தது. இந்நாட்டு மக்கள் உண்ட அரிசியின் பெரும்பகுதி கப்பல் மார்க்கமாக இரங்கூனிலிருந்தே வந்தது. இரங்கூன் வீழ்ந்ததும் இலங்கையில் பங்கீட்டு முறை நடைமுறைக்கு வந்தது. எமது மூத்த தலைமுறையினர் 'கூப்பன் அரிசி' என்று பேசிக்கொண்டதன் வேர் அங்கேதான் இருக்கிறது. அத்துடன், 1931 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி பர்மாவில் பத்து இலட்சத்துக்கும் அதிகமான இந்தியர் வாழ்ந்தனர். இரங்கூன் நகரின் சனத்தொகையில் பாதிக்கு மேற்பட்டோர் அவர்களே. நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், துறைமுகத்திலும் அரிசி ஆலைகளிலும் உழைத்த தமிழ்க் கூலிகள், சோலியா முஸ்லிம்கள் எனப்பட்ட தமிழ் பேசும் வணிகர்கள் ஆகியோரும் இவர்களுள் அடங்குவர். யுத்தம் வந்தபோது இவர்களில் யார் விமானத்தில் ஏறினார்கள், யார் நடந்தார்கள் என்ற வினாவும் இந்தப் படையணியின் கதையோடு பிணைந்துள்ளது.

எல்லைப்புறத்திலிருந்து ஈராக் வரை

31 ஆவது படையணி 1915 ஒக்டோபர் 11 ஆம் திகதி இங்கிலாந்தின் பார்ன்பரோவில் அமைக்கப்பட்டது. அவ்வாண்டின் இறுதியிலேயே அது இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு, பெஷாவருக்கு அண்மையிலுள்ள ரிசல்பூரில் தளம் அமைத்தது. இந்திய வானில் முதலில் பறந்தவர்கள் என்ற பொருள்பட அமைந்த இலத்தீன் வாசகமே அதன் இலச்சினையில் இன்றும் காணப்படுகின்றது. அடுத்து வந்த இருபது ஆண்டுகளில் அப்படையணி செய்த வேலை பெருமைப்படத்தக்கதல்ல. ஆப்கான் யுத்தத்திலும் வசிரிஸ்தான் பழங்குடியினருக்கு எதிரான நடவடிக்கைகளிலும் அது ஏகாதிபத்தியத்தின் பொலிஸ்காரனாகவே செயற்பட்டது. 1935 மே 31 ஆம் திகதி குவெட்டா நகரைத் தரைமட்டமாக்கிய பூகம்பத்தின்போது அங்கே நிலைகொண்டிருந்த இப்படையணியும் பலரை இழந்தது.

1939 இல் அதற்கு வலென்சியா என்ற பழைய இரட்டைச் சிறகு விமானங்கள் வழங்கப்பட்டு, போக்குவரத்துப் பணி ஒப்படைக்கப்பட்டது. 1941 இல் அமெரிக்காவின் பயணிகள் சேவையில் ஓடிக் களைத்த டக்ளஸ் டி.சி.2 ரக விமானங்கள் சில கிடைத்தன. அதே ஆண்டு ஈராக்கில் ரஷீத் அலி அல் கைலானியின் அரசு பிரித்தானியருக்கு எதிராகத் திரும்பியபோது, பஸ்ராவுக்கு அண்மையிலிருந்து ஹப்பானியா விமானத்தளத்துக்குத் துருப்புகளைக் கொண்டுசென்றவையும், அங்கிருந்து பெண்களையும் சிறுவர்களையும் வெளியேற்றியவையும் இவ்விமானங்களே. துருப்புகளை வான்வழியாகப் பெயர்ப்பதில் பிரித்தானியர் பெற்ற ஆரம்பப் பாடங்களில் இது ஒன்றாகும்.

1942: ஏறியவர்களும் நடந்தவர்களும்

1941 டிசெம்பர் 23 ஆம் திகதி இரங்கூன் மீது ஜப்பானியர் முதன்முதலாகக் குண்டு வீசினர். 1942 மார்ச் 8 ஆம் திகதி நகரம் வீழ்ந்தது. மார்ச் மாத இறுதியில் மக்வே விமானத்தளம் தாக்கப்பட்டதுடன் பர்மாவில் பிரித்தானியரின் வான்பலம் ஏறத்தாழ அழிந்துபோயிற்று. எஞ்சியது போக்குவரத்து விமானங்கள் மாத்திரமே. துணைக்குச் சண்டை விமானங்கள் இன்றி, அசாமின் டிஞ்ஜான் தளத்திலிருந்து மலைகளைத் தாண்டி, ஷ்வேபோவுக்கும் பின்னர் வடக்கே மிச்சினாவுக்கும் அவை பறந்தன. இருபது, இருபத்தைந்து பேருக்காக அமைக்கப்பட்ட விமானத்தில் அதைப்போல இரண்டு மடங்கினர் நெருக்கியடித்து ஏற்றப்பட்டனர். மே மாத முதல் வாரத்தில் மிச்சினா ஓடுதளத்தில் ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்த விமானங்களை ஜப்பானிய விமானங்கள் தாக்கியதில் பெண்களும் குழந்தையும் உயிரிழந்தனர். மே 8 ஆம் திகதி மிச்சினாவும் கைநழுவியது.

31 ஆவது படையணியும் அதனுடன் பறந்த அமெரிக்கப் போக்குவரத்து அணியும் சேர்ந்து அவ்வாரங்களில் 8,600 இற்கும் அதிகமானோரை வெளியேற்றின. அவர்களில் 2,600 பேரளவினர் காயமடைந்தோர். இயந்திரக் கோளாறு, எரிபொருள் தட்டுப்பாடு, எதிரி விமானம் என்ற மூன்றுக்கும் இடையே செய்யப்பட்ட இவ்வேலையின் பெறுமதியை எவரும் குறைத்து மதிப்பிட முடியாது.

ஆனால் அதே காலத்தில் தரைவழியாக இந்தியாவை நோக்கிப் புறப்பட்டவர்களின் தொகை நான்கு முதல் ஐந்து இலட்சம் என மதிப்பிடப்படுகின்றது. அரக்கான் வழியாகவும் தாமு வழியாகவும், கடைசியில் வந்தவர்கள் ஹுகாவ்ங் பள்ளத்தாக்கின் சேற்றுக் காட்டின் வழியாகவும் நடந்தார்கள். வாந்திபேதி, மலேரியா, பசி என்பவற்றால் மாண்டோர் பல்லாயிரம். சரியான கணக்கை எவரும் எடுக்கவில்லை. விமான ஆசனங்களில் காயம்பட்ட சிப்பாய்களுக்கு அடுத்தபடி முன்னுரிமை பெற்றோர் பெரும்பாலும் ஐரோப்பியரும் ஆங்கிலோ இந்தியருமே. தரையில்கூட ஐரோப்பியருக்கு ஒரு பாதை, இந்தியருக்கு ஒரு பாதை என்று பிரிக்கப்பட்டதாக அன்றே குற்றச்சாட்டு எழுந்து, டில்லி மத்திய சட்டசபை வரை அது சென்றது. விமானிகள் இந்த வரிசையை வகுக்கவில்லை. எவர் ஏற வேண்டும் என்பதைத் தரையில் இருந்த அதிகாரிகளே தீர்மானித்தனர். எனினும் இரங்கூன் துறைமுகத்தில் மூட்டை சுமந்த ஒரு தமிழ்த் தொழிலாளியின் பார்வையில் இந்த வேறுபாட்டுக்குப் பெரிய பொருள் இருந்திருக்காது.

இதன் மறுபக்கத்தையும் கூறியாக வேண்டும். பருவமழை தொடங்கியபின், ஹுகாவ்ங் பள்ளத்தாக்கில் சிக்கிக்கொண்ட அகதிகளுக்கும், வடகோடியிலிருந்த ஹேர்ட்ஸ் கோட்டைக் காவற்படைக்கும் உணவு போட்டவர்கள் இதே படையணியினர்தான். அப்போது போதிய பரசூட்டுகள் இருக்கவில்லை. அரிசியைச் சாக்கில் கட்டி, அந்தச் சாக்கை இன்னொரு பெரிய சாக்கினுள் தளர்வாக இட்டு, தாழப் பறந்து அப்படியே தள்ளிவிடுவார்கள். விழும் வேகத்தில் உட்சாக்கு வெடித்தாலும் வெளிச்சாக்கு அரிசியைத் தாங்கிக்கொள்ளும். பசியோடு நிற்பவர்கள் மூட்டையை நோக்கி ஓடி, அடுத்த சுற்றில் விழும் மூட்டையின் கீழ் அகப்பட்டுக் கொள்ளும் ஆபத்தும் இருந்தது. பின்னாளில் முழு இராணுவம் ஒன்றையே வானிலிருந்து போஷித்த கலை, இந்த அகதிகளின் தலைக்கு மேலேதான் முதலில் பயிலப்பட்டது.

ஒரு காட்டு வெளியில் இறங்கிய டக்கோட்டா

1943 பெப்ரவரியில் பிரிகேடியர் ஓர்ட் விங்கேற்றின் தலைமையில் ஏறத்தாழ மூவாயிரம் பேர் கொண்ட 'சிண்டிட்' படை ஜப்பானியரின் பின்புலத்தில் ஊடுருவியது. பாதையுமில்லை, வண்டியுமில்லை. கோவேறு கழுதைகளே பாரம் சுமந்தன. ஒவ்வொரு பிரிவுடனும் வானொலிக் கருவியுடன் விமானப்படை அதிகாரி ஒருவர் சென்றார். அவர் அனுப்பும் செய்தியைக் கொண்டே அகர்தலா தளத்திலிருந்து 31 ஆவது படையணியின் விமானங்களும், 194 ஆவது படையணியின் ஹட்சன் விமானங்களும் சாமான் போடப் புறப்பட்டன. இம்முயற்சியால் ஜப்பானியருக்கு ஏற்பட்ட சேதம் பெரிதல்ல. திரும்பி வந்தவர்களும் மூன்றில் இரண்டு பங்கினரே. ஆயினும் சாலையே இல்லாத இடத்தில் ஒரு படை வாரக்கணக்கில் உயிர்வாழ முடியும் என்பது நிரூபணமாயிற்று.

அந்நடவடிக்கையின் முடிவில், ஏப்ரல் மாதத்தில், மேஜர் வோல்டர் ஸ்கொட்டின் பிரிவு நோயாளிகளுடனும் காயம்பட்டோருடனும் காட்டின் நடுவே திணறிக்கொண்டிருந்தது. புல்வெளி ஒன்றைக் கண்ட அவர்கள், பரசூட் துணியைக் கிழித்து, விமானம் இங்கே இறங்கட்டும் என்று ஆங்கில எழுத்துகளில் தரையில் விரித்தார்கள். உணவு போட வந்த 31 ஆவது படையணியினர் அதைப் படித்தனர். சில நாட்களின் பின்னர் மைக்கல் விளாஸ்டோ என்ற இளம் விமானி தமது டக்கோட்டாவை அவ்வெளியில் இறக்கினார். சமப்படுத்தப்படாத, சுற்றிலும் மரங்கள் சூழ்ந்த, சுமார் 800 யார் நீளமேயான நிலம் அது. சிறிது நேரத்தில் நடக்க இயலாத 17 பேரை ஏற்றிக்கொண்டு மர உச்சிகளைத் தொடுமாற்போல அது எழும்பியது. வாரக்கணக்கில் நடந்து கடக்கவேண்டிய தூரத்தை அவர்கள் ஓரிரு மணித்தியாலங்களில் கடந்து வைத்தியசாலையை அடைந்தனர். எஞ்சியோர் நடையைத் தொடர்ந்தார்கள். அவர்களில் பலர் ஊர் திரும்பவில்லை.

அமெரிக்கச் சஞ்சிகையொன்றின் புகைப்படப்பிடிப்பாளர் அவ்விமானத்தில் இருந்ததால் இச்சம்பவம் உலகெங்கும் அறியப்பட்டது. அது வேறு கதை. இராணுவ ரீதியில் அதன் முக்கியத்துவம், காயம்பட்டவன் காட்டில் கைவிடப்படவேண்டியதில்லை என்ற நம்பிக்கை சிப்பாயின் மனதில் ஏற்பட்டமையே. விங்கேற்றின் முதல் ஊடுருவலில் நடக்க முடியாதவர்கள் உண்மையாகவே மர நிழலில் விட்டுச் செல்லப்பட்டனர் என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் கனம் விளங்கும்.

பஞ்சத்தின் நடுவே பறந்த அரிசி

இவ்விடத்தில் ஒரு விடயத்தைக் கடந்துபோக மனம் ஒப்பவில்லை. இவ்விமானங்கள் புறப்பட்ட தளங்கள் பல, அன்றைய வங்காளத்திலும் அதன் ஓரத்திலும் இருந்தன. 1943 இல் அதே வங்காளத்தில் இருபது முதல் முப்பது இலட்சம் வரையான மக்கள் பஞ்சத்தாலும் அதைத் தொடர்ந்த நோய்களாலும் மடிந்தனர். பர்மா அரிசி நின்றுபோனமை, ஜப்பானியர் வந்தால் கிடைக்கக்கூடாதென்று கரையோர மாவட்டங்களில் நெல்லையும் படகுகளையும் அரசு அகற்றியமை, யுத்தகாலப் பணவீக்கம், பதுக்கல், நிவாரணத்தில் காட்டப்பட்ட தாமதம் என்பன அதற்குக் காரணமாகக் காட்டப்படுகின்றன. சிப்பாய்க்கு உணவு சேரவேண்டும் என்பதில் காட்டப்பட்ட அக்கறையில் ஒரு பங்கு கிழக்கு வங்காளத்தின் முஸ்லிம் விவசாயிக்கும் மீனவனுக்கும் காட்டப்பட்டிருந்தால் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

அந்த வங்காளத்தின் சணலே யுத்தத்தின் ஒரு பெரிய சிக்கலையும் தீர்த்தது. பட்டுப் பரசூட்டுகள் ஐரோப்பிய யுத்தகளங்களுக்கே போதாதிருந்தன. பதினான்காவது இராணுவத்தின் தளபதி ஜெனரல் வில்லியம் ஸ்லிம், கல்கத்தா சணல் ஆலைக்காரரை நாடினார். விரைவிலேயே சணலால் நெய்யப்பட்ட பரசூட்டு உருவாயிற்று. மனிதனை நம்பி அதில் தொங்கவிட முடியாது. அரிசி மூட்டைக்கு அது தாராளம். பட்டுப் பரசூட் ஒன்றுக்கு இருபது பவுண் செலவாகிய காலத்தில் இதற்கு ஒரு பவுண்தான் சென்றது.

பொதி கட்டுவதே தனிக் கலையாக வளர்ந்தது. இந்திய டிவிசன் ஒன்றில் இந்து, முஸ்லிம், சீக்கியர், கூர்க்கா, பிரித்தானியர் என்று பலர் இருப்பர். ஒருவருக்கு அரிசி, மற்றவருக்குக் கோதுமை மா. நெய், பருப்பு, மாமிசம் என்று ஒவ்வொன்றிலும் தனித்தனி முறைமை. தவறான மூட்டை தவறான மலையில் விழுந்தால் உணவிருந்தும் பட்டினிதான். இந்திய இராணுவச் சேவைப் பிரிவின் சிப்பாய்களே இரவு பகலாக இவற்றைக் கட்டி, விமானத்தின் கதவைக் கழற்றிவிட்டு, பறக்கும்போது கால்களால் உதைத்து வெளியே தள்ளினர். ஒரே இலக்கின் மீது எட்டு, பத்துத் தடவைகள் வட்டமிட்டால்தான் சுமார் மூன்று தொன் சுமையும் இறங்கி முடியும். கீழே எதிரியின் துப்பாக்கிகள் இருந்தால் அத்தனை சுற்றுகளிலும் அவர்கள் இலக்காக வேண்டியதுதான்.

1944: முற்றுகையிடப்பட்டவன் பட்டினி கிடக்கவில்லை

1944 பெப்ரவரியில் அரக்கானில் ஏழாவது இந்திய டிவிசனை ஜப்பானியர் சூழ்ந்தனர். அதுவரை, சூழப்பட்ட பிரித்தானியப் படை பின்வாங்கும் என்பதே ஜப்பானியரின் அனுபவம். இம்முறை நின்ற இடத்திலேயே நிற்குமாறு ஸ்லிம் கட்டளையிட்டார். போடவேண்டிய பொருட்கள் முன்கூட்டியே கட்டி வைக்கப்பட்டிருந்தன. முதல் முயற்சியில் ஜப்பானியச் சண்டை விமானங்களைக் கண்டு சில விமானங்கள் திரும்பிவிடவே, போக்குவரத்துக் கட்டளைப் பீடத்தின் அமெரிக்கத் தளபதி வில்லியம் ஓல்ட் தாமே முன்னின்று பறந்து வழிகாட்டினார். ஐந்து வாரங்களில் 714 பறப்புகள், ஏறக்குறைய 2,300 தொன் பொருட்கள். மூன்று வாரங்கள் முடியுமுன்னரே முற்றுகையிட்டவர்கள்தான் பசியால் கலைந்துபோனார்கள்.

மார்ச் மாதத்தில் தளபதி முதகுச்சியின் பதினைந்தாவது ஜப்பானிய இராணுவம் இம்பால், கொஹிமா நோக்கி நகர்ந்தது. மூன்று வார உணவே அவர்களிடம் இருந்தது. மீதியைப் பிரித்தானியரின் களஞ்சியங்களைக் கைப்பற்றிப் பெறுவதே திட்டம். அரக்கானில் போரிட்டுக்கொண்டிருந்த ஐந்தாவது இந்திய டிவிசன், பீரங்கிகளோடும் கோவேறு கழுதைகளோடும் வான்வழியாக இம்பால் பக்கம் கொண்டுவரப்பட்டது. ஒரு களத்தில் போர்புரிந்துகொண்டிருந்த டிவிசன் விமானத்தில் ஏறி இன்னொரு களத்தில் இறங்கியமை அதற்குமுன் நிகழ்ந்திராதது. கொஹிமாவில் நீரூற்று எதிரியின் கைக்குப் போனபோது குடிநீரையும் வானிலிருந்தே போட்டார்கள். காவற்படை நின்ற முகடு அத்தனை குறுகலாக இருந்ததால் அதில் ஒரு பங்கு ஜப்பானியரிடமே போய்ச் சேர்ந்தது.

இம்பாலில் சுமார் 1,55,000 பேரும் 11,000 விலங்குகளும் ஜூன் 22 வரை தரைத் தொடர்பின்றி இருந்தனர். பங்கீடு குறைக்கப்பட்டது உண்மை. ஆனால் எவரும் பட்டினியால் சாகவில்லை. மழைமேகம் மூடிய மலைகளினூடே, ஒரு நாளில் இரண்டு மூன்று தடவைகள் பறந்து, 12,000 அளவிலான துருப்புகளை உள்ளே கொண்டுவந்து, ஏறத்தாழ 13,000 நோயாளரையும் காயம்பட்டோரையும், 43,000 அளவிலான போரிடாதோரையும் வெளியே கொண்டுசென்றன இவ்விமானங்கள். நான்கு கோடிக்கும் மேற்பட்ட சிகரெட்டுகளும் தபால் பைகளும்கூட அச்சுமையில் அடங்கும்.

இதற்கு விமானங்கள் எங்கிருந்து வந்தன? சீனாவுக்குச் சாமான் ஏற்றிய அமெரிக்க விமானங்களில் இருபதை மவுண்ட்பேட்டன் திசைதிருப்பினார். மத்திய தரைக்கடலிலிருந்தும் இரவலாகச் சில அணிகள் வந்தன. ஏப்ரல் நடுப்பகுதியில் அவரது தலைமையகம் டில்லியிலிருந்து கண்டிக்கு, பேராதனைத் தாவரவியல் பூங்காவுக்கு மாறியது. இரவல் விமானங்களைத் திருப்பித் தருமாறு கேட்டவர்களோடு அவர் இழுபறிப்பட்டது பேராதனையிலிருந்துதான். இன்று அந்த நிழல்மரங்களின் கீழ் உலாவுவோரில் எத்தனை பேர் இதை அறிவார்கள்?

எதிர்த்தரப்பின் நிலை வேறு. ஜப்பானியர் கடல்வழியை நம்ப முடியாமல் தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீற்றர் புகையிரதப் பாதையை அமைத்தனர். 1943 ஒக்டோபரில் அது முடிவடைவதற்குள் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் அப்பாதையோரம் மாண்டனர். அத்தனை உயிர்களைக் கொடுத்தும் இம்பாலின் முன்னால் நின்ற ஜப்பானியச் சிப்பாய்க்குச் சோறு போய்ச்சேரவில்லை. ஏறத்தாழ 85,000 பேரில் 30,000 பேர் வரை இறந்தனர். அவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது பசியும் நோயுமே. அவர்களுடன் வந்த இந்திய தேசிய இராணுவத்தினரும் அதே பட்டினியில் வாடினர்.

1945 இல் இராவதி நதியைக் கடந்து, மெய்க்டிலாவைப் பிடித்து, இரங்கூனை நோக்கி முன்னேறிய இராணுவமும் பெருமளவில் வானிலிருந்தே உணவு பெற்றது.

ஜாவாவும் முடிவும்

யுத்தம் முடிந்ததும் 31 ஆவது படையணி சிங்கப்பூர் வழியாக ஜாவாவுக்கு அனுப்பப்பட்டது. முகாம்களில் வாடிய கைதிகளை மீட்பது அங்கே அதற்கு இடப்பட்ட பணி. ஆனால் 1945 ஓகஸ்ட் 17 ஆம் திகதியே சுகர்ணோவும் ஹத்தாவும் இந்தோனேசியாவின் சுதந்திரத்தைப் பிரகடனம் செய்திருந்தனர். டச்சுக்காரர் திரும்பி வரும்வரை இடம் பிடித்து வைக்கவே பிரித்தானியர் வந்துள்ளனர் என்று அந்நாட்டு மக்கள் கருதியதில் நியாயமிருந்தது. விடுதலைக்காகக் காத்திருந்த இந்தியாவின் சிப்பாய்களை இன்னொரு விடுதலைப் போராட்டத்துக்கு எதிராகப் பயன்படுத்துவதை நேரு கண்டித்தார்.

நவம்பர் 23 ஆம் திகதி இப்படையணியின் டக்கோட்டா ஒன்று பத்தாவியாவுக்கு அருகே பெக்காசியில் இறங்க நேர்ந்தது. உயிர்தப்பிய விமானிகளும், அதில் பயணித்த மராட்டியச் சிப்பாய்களும் பிடிக்கப்பட்டுக் கொல்லப்பட்டனர். இருபதுக்கும் அதிகமானோர். டிசெம்பரில் பிரித்தானியத் துருப்புகள் பெக்காசிக்குச் சென்று வீடுகளைத் தீயிட்டுப் பழிதீர்த்தன. கொல்லப்பட்டவர்களும் எரிக்கப்பட்ட வீடுகளின் சொந்தக்காரர்களும் ஒருவரையொருவர் முன்பின் அறியாதவர்கள்.

1946 செப்டெம்பர் இறுதியில் ஜாவாவில் படையணி கலைக்கப்பட்டது. ஓரிரு மாதங்களில் அதன் இலக்கம் கராச்சிக்கு அண்மையிலிருந்த மவுரிப்பூர் தளத்தில் இன்னொரு டக்கோட்டா அணிக்குச் சூட்டப்பட்டது. அங்கே பிரிவினையைக் கண்டபின், 1947 டிசெம்பர் 31 ஆம் திகதி அதுவும் கலைக்கப்பட்டது. பிற்காலத்தில் அவ்விலக்கத்தைத் தாங்கிய அணி 2019 வரை டோனாடோ தாக்குதல் விமானங்களை இயக்கியது. 2023 இல் அது மீண்டும் அமைக்கப்பட்டபோது வழங்கப்பட்டவை விமானி ஏறாத விமானங்கள்.